எழுதாமல் விட்ட பாராமீட்டர்: ஜாஸா, என்விடிஏவா?

கடலூர் முதுநகரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பருக்கும் எனக்கும் பார்வை கிடையாது. கடையில் ஒரு கணினியில் ஜாஸ் ஓடுகிறது, இன்னொன்றில் இலவசம் என்பதால் என்விடிஏ. இரண்டும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து ஒரே பில்லிங் வேலைக்கு ஜாஸுக்கு அதன் சொந்த மொழியிலும் என்விடிஏவுக்குப் பைத்தானிலும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். வந்த தகராறெல்லாம் நான் எழுதாமல் விட்ட பாராமீட்டர்களால்தான், அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளால்.

என்விடிஏவில் யூஐ.மெசேஜ் என்ற ஃபங்ஷனுக்கு வாக்கியம் மட்டும் கொடுத்தால் போதும், பேசும், பிரெய்லிலும் காட்டும். விருப்பப்பட்டால் முன்னுரிமையும், பிரெய்லுக்கென்று தனி வாசகமும் சேர்க்கலாம், இரண்டுக்கும் டீஃபால்ட் (நாம் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) 'நன்', அதாவது எதுவும் இல்லை. முன்னுரிமையை விட்டால் செய்தி வரிசையில் நிற்கும். நீளமான சரக்குப் பட்டியலை அது வாசித்துக்கொண்டிருக்கும்போது "நெத்திலி தீர்ந்துவிட்டது" என்று சொல்ல வேண்டியது பட்டியல் முடிந்த பிறகு வந்து என்ன பயன்? முன்னுரிமையை 'நவ்' (இப்போதே) என்று கொடுத்தேன். ஓடும் பேச்சை இடைமறித்து இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் பழையதைத் தொடர்கிறது.

ஜாஸில் இதே வேலையைச் செய்யும் சேமெசேஜ் ஃபங்ஷனுக்கு வெளியீட்டு வகை, நீளச் செய்தி, குறுஞ்செய்தி என்று மூன்று. குறுஞ்செய்தி விருப்பம்தான், ஆனால் விட்டால், குறைவாகப் பேசட்டும் என்று அமைத்து வைத்திருப்பவருக்கும் நீளமானதே போகும். வெற்று வாசகம் கொடுத்தாலும் அதே கதை, பேசாமல் இருக்க அதற்கென்று உள்ள மாறிலியைக் கொடுக்க வேண்டும். என் நண்பர் ஒரு நாள் பூராவும் "பில் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று முழுசாகக் கேட்டுவிட்டு என்னைத் திட்டினார், நியாயம்தான்.

நாமே ஃபங்ஷன் எழுதும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. ஜாஸில் 'ஆப்ஷனல்' என்று போட்ட எண்ணைக் கொடுக்காவிட்டால் 0 வரும், வாசகமென்றால் வெற்று. பைசாவையும் சொல்லட்டும் என்பதற்கு ஒரு கொடி (1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை) வைத்திருந்தேன், மறந்துவிட்ட இடத்திலெல்லாம் அது 0 ஆகி 42 ரூபாய் 50 காசு வெறும் 42 ஆனது. வேண்டாமென்று 0 கொடுத்தாரா, கொடுக்கவே இல்லையா என்று ஃபங்ஷனால் கண்டுபிடிக்க முடியாது. கொடியின் பெயரை 'பைசாவை விடு' என்று திருப்பி வைத்தேன், இப்போது 0 என்றாலே வழக்கமான நடத்தை. பைத்தானில் டீஃபால்டை நாமே எழுதலாம், 'நன்' வைத்தால் கொடுக்காததும் தெரியும். இதில் என் ஓட்டு என்விடிஏவுக்கே.

ஆனால் பைத்தானிலும் ஒரு குழி உண்டு. பில் உருப்படிகளைச் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு டீஃபால்டாக வெற்றுப் பட்டியல் வைத்தேன். அது ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும், என்விடிஏவோ காலை முதல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வாடிக்கையாளர் பில்லில் முதல் ஆள் வாங்கிய சுறாக் கருவாடும் ஒட்டிக்கொண்டது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும், திரும்பவும் வரும், அதனால் பிடிக்க ரெண்டு நாள் ஆனது. 'நன்' வைத்து, உள்ளே புதுப் பட்டியல் உருவாக்கிய பிறகு நின்றது. ஜாஸில் இந்த வம்பே இல்லை, அங்கே டீஃபால்டில் பட்டியல் வைக்க வழி இருந்தால்தானே.