சொந்த சர்வரா, வாடகை சர்வரா, சந்தா மென்பொருளா?

நிறுவனத்துக்குப் புது மென்பொருள் வாங்கலாம் என்று பேச்சு எடுத்தாலே "கிளவுடுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். இணையம் வழியாக வேறொருவரின் கணினியைப் பயன்படுத்துவதைச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011-இல் அவற்றை மூன்றாகப் பிரித்தது. சர்வர், சேமிப்பிடம் போன்ற அடித்தளத்தை மட்டும் வாடகைக்குத் தருவது ஒன்று. நாமே எழுதிய நிரலை ஓட்டுவதற்கான தளம் இன்னொன்று. மூன்றாவதில் முழு மென்பொருளும் பிரவுசரிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது, நிரலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது. அதை இங்கே விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டையும் (முதலாவதை வாடகை சர்வர் என்றும் மூன்றாவதைச் சந்தா மென்பொருள் என்றும் சொல்கிறேன்), அலுவலகத்திலேயே சர்வர் வைத்துக்கொள்ளும் பழைய வழியோடு சேர்த்துப் பார்ப்போம்.

எல்லாரும் விலையில் ஆரம்பிப்பார்கள். நான் வேறு கேள்வியில் ஆரம்பிப்பேன்: ராத்திரி 2 மணிக்கு சிஸ்டம் படுத்துவிட்டால் எழுந்து பார்க்க வேண்டியது யார்?

சொந்த சர்வர் என்றால் நாம்தான். டிஸ்க், யூபிஎஸ், அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். நான் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அலுவலகத்தில் தினமும் பேக்கப் எடுத்தோம், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்த பேக்கப் டிஸ்க் எப்போதும் அதே சர்வரில் செருகியபடியே இருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தபோது சர்வரோடு சேர்த்து அதையும் பூட்டிவிட்டது. மூன்று வாரம் காகித வவுச்சர்களைப் புரட்டிப் புரட்டி மறுபடி பதிவு செய்தோம்.

வாடகை சர்வரில்தான் குழப்பம் அதிகம். அமேசான் 2006-இல் சேமிப்பிடத்தையும் சர்வரையும் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கியது. இயந்திரம், மின்சாரம், கட்டடப் பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குள் ஓடும் இயங்குதளத்தின் அப்டேட், டேட்டாபேஸ், பேக்கப், யாருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் நம் பொறுப்பு. கிளவுடில் இருப்பதால் பேக்கப் தானாக நடக்கும் என்று நினைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். நடக்காது, நாம் ஏற்பாடு செய்தால்தான் உண்டு. ஏற்பாடு செய்தாலும் மீட்டுப் பார்க்காதவரை நம்ப முடியாது. நிரலாளர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி கடைசியில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்கள் வைத்திருந்த ஐந்து பேக்கப், நகலெடுப்பு வழிகளில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இத்தனையையும் அவர்களே பொதுவில் எழுதி வைத்தார்கள். மற்றவர்களுக்கு அது பெரிய உதவி.

சந்தா மென்பொருளில் இந்தச் சுமை கணிசமாகக் குறைகிறது. 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் பிரபலப்படுத்திய வழி இது. ஒரே மென்பொருளை ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும். அவரவர் தரவு மட்டும் தனித்தனி. அப்டேட்டை விற்பவரே போடுவார். நமக்கு மிஞ்சுவது லாகின் கட்டுப்பாடு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும், கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். ஐடி ஆளே இல்லாத சின்ன நிறுவனத்துக்கு, மின்னஞ்சல், கணக்கு, சம்பளப் பட்டியல் மூன்றுக்கும் நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

சேவை நிற்காது என்ற உறுதிமொழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 8 மணி நேரம் 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் சுமார் 52 நிமிடம். மீறினால் பொதுவாகக் கிடைப்பது அடுத்த பில்லில் கழிவு. அன்று போன வியாபாரத்துக்கு ஈடு கிடையாது.

சரி, விலை. சந்தா ஆள் கணக்கில் ஏறும். 5 பேருக்கு லேசாக இருப்பது 60 பேருக்குக் கனக்கும். வாடகை சர்வர் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் ஓடும்வரை பில் ஏறும். தரவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணமும் இருக்கலாம். சொந்த சர்வரில் முதலில் பெரிய செலவு, அப்புறம் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம். ஒப்பிடும்போது இந்தச் சம்பளத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் விலையில் தெரியாது: ஒரே தடவையாக லைசென்ஸ் வாங்கிய பழைய மென்பொருள் அதற்குப் பிறகு காசு கட்டாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும், சந்தா நின்றால் கதவு மூடிவிடும்.

அதனால் உள்ளே போகும் முன்பே வெளியே வரும் வழியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டத்தின்படி, 2027 ஜனவரி 12 முதல் வேறு சேவைக்கு மாறுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணம் போனாலும், வெளியே வரும் தரவு உருப்படியாக இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக் காலத்திலேயே இருபது பில்களை உள்ளிட்டு, எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து திறந்து பாருங்கள். நான் ஒருமுறை இப்படிப் பார்த்தபோது தொகை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் 00417 என்ற பில் எண் விரிதாளில் 417 ஆகிவிட்டது. 03/04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்று தெரியவில்லை. தமிழில் இருந்த வாடிக்கையாளர் பெயர்கள் புரியாத குறியீடுகளாக நின்றன. பில்லோடு இணைத்த ரசீதுப் படங்கள் வரவே இல்லை. யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்ற வரலாறும் வரவில்லை. எண்ணும் தேதியும் எழுத்தும் கோப்பைத் திறக்கும் முறையை மாற்றினால் சரியாகிவிடும். படங்களும் வரலாறும் அப்படியல்ல. அவற்றை எந்த வடிவில் தருவார்கள், சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.