யூர்-லெக்ஸ்: மின் வருவாய் உச்சவரம்பு பற்றிய சட்டத்தைப் படிக்க எந்த அளவுக்கு உதவும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் இலவசமாகத் தரும் அதிகாரபூர்வத் தளம் யூர்-லெக்ஸ். காற்றாலை, சூரிய மின் நிலையங்கள் மீது போட்ட வரிகளும் வருவாய் உச்சவரம்பும் (மின்சாரம் விற்றுக் கிடைக்கும் வருவாய்க்கு 2022-இல் ஒன்றியம் வைத்த தற்காலிக மேல் எல்லை) செல்லுமா, செல்லாதா என்று ஆராய்பவர்கள் முதலில் போய் நிற்கும் இடமும் இதுதான். சட்டத்தின் வாசகத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உறுப்பு நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு எப்படி முடிந்தது என்று அறியத்தான் பல சமயம் வெளியே போக வேண்டும். எப்போது போக வேண்டும் என்பதைத் தளம் சொல்லித் தராது.

தேடலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பொதுத் தேடல் பெட்டியில் சொற்களைப் போட்டால் சட்டம், முன்மொழிவு, அறிக்கை, வழக்கு அறிவிப்பு எல்லாம் கலந்து வந்து குவியும். அதற்குப் பதிலாக செலெக்ஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு ஆவணத்துக்கும் உரிய அடையாள எண்ணைப் போடுங்கள். முதல் இலக்கம் ஆவணத்தின் வகை: 3 என்றால் சட்டம், 6 என்றால் வழக்கு. அடுத்த நான்கு இலக்கங்கள் ஆண்டு. அதன்பின் எழுத்துக் குறியீடு, கடைசியில் நான்கு இலக்க வரிசை எண். உச்சவரம்பைக் கொண்டுவந்த 2022/1854 ஒழுங்குமுறைக்கு 3, 2022, ஆர், 1854 என்று இடைவெளி விடாமல் சேர்த்துப் போட்டால் நேரே அந்தப் பக்கம் திறக்கும். தீர்ப்புக்கு சி.ஜே., தலைமை வழக்குரைஞரின் (தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்கு யோசனை சொல்பவர்) கருத்துரைக்கு சி.சி. இந்த எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

பக்கம் திறந்ததும் சட்டத்துக்குள் பாயாமல் 'ஆவணத் தகவல்' பகுதியைப் பாருங்கள். இந்த ஒழுங்குமுறை எந்த அதிகாரத்தில் பிறந்தது என்பது அங்கே இருக்கிறது: ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம், 122(1)-ஆம் பிரிவு. நெருக்கடிக் காலத்துக்கான பிரிவு அது. அமைச்சர்கள் அவை தனியே முடிவெடுக்கலாம், நாடாளுமன்றம் சேர்ந்து இயற்ற வேண்டியதில்லை. செல்லுபடியைக் கேள்வி கேட்பவர்கள் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான். இதைப் பாராமல் உச்சவரம்பின் நியாய அநியாயம் பேசுவதில் பயனில்லை.

அடுத்து வாசகம். 6-ஆம் பிரிவு வரம்பைச் சொல்கிறது: ஒரு மெகாவாட்-மணிக்கு 180 யூரோ, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு. 7-ஆம் பிரிவு யாருக்கெல்லாம் என்று பட்டியலிடுகிறது. காற்று, சூரிய ஒளி, புவிவெப்பம், நீர்த்தேக்கம் இல்லாத நீர்மின்சாரம் இவற்றோடு அணுமின்சாரமும் பழுப்பு நிலக்கரியும் உண்டு. பசுமை மின்சாரத்தை மட்டும் குறிவைத்தார்கள் என்று பேசுவோர் இந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். 1 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை விலக்கவும், வரம்புக்கு மேலான தொகையில் 90 விழுக்காட்டை மட்டும் எடுக்கவும் நாடுகளுக்கு உரிமை இருந்தது. 300 யூரோவுக்கு விற்றிருந்தால் மிகுதி 120. அதில் 108 போகும், உற்பத்தியாளர் கையில் 192 நிற்கும்.

வழக்குக்கு உயிரான பகுதி 8-ஆம் பிரிவு. நாடுகள் இன்னும் கடுமையான வரம்பு வைக்கலாம், தொழில்நுட்பத்துக்குத் தக்கபடி வேறுபடுத்தலாம். ஆனால் அது அளவுக்கு மீறக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது, முதலீட்டுச் செலவும் இயக்கச் செலவும் மீள வேண்டும். ஒரு நாட்டின் சட்டத்தை எதிர்ப்பவர் பிடித்துக்கொள்ளும் கொம்பு இந்த நிபந்தனைகள்தான். கூடவே 2-ஆம் பிரிவில் 'சந்தை வருவாய்' என்பதன் வரையறையையும் படியுங்கள்: கைக்கு வந்த வருமானம், நீண்டகால ஒப்பந்த விற்பனை இதில் அடங்கும், அரசு தரும் ஆதரவுத் தொகை அடங்காது.

காலாவதி விஷயத்தில் கவனம் தேவை. பக்கத்தின் மேலே நிற்கும் 'நடைமுறையில் இல்லை' என்ற குறி சட்டம் முழுமைக்கும் பொதுவானது. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய காலம் 22-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. 6, 7, 8 பிரிவுகள் 2022 டிசம்பர் 1 முதல் 2023 ஜூன் 30 வரை மட்டுமே. மேலே உள்ள குறியை நம்பி எழுதினால் உச்சவரம்பின் காலமே தப்பாகிவிடும். திருத்தங்களைச் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த வாசகத்திலும் இதுபோல ஒன்று உண்டு. படிக்க வசதியானது, சட்ட மதிப்பு அதற்குக் கிடையாது. மனுவில் மேற்கோள் காட்ட அரசிதழ்ப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். 2013 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிப்பே அதிகாரபூர்வமானது.

மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வசதியைத் தாராளமாகப் பாராட்டலாம். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் ஜெர்மன், ஸ்பானிய வாசகங்களோடு உடனே ஒப்பிடலாம். 24 மொழி வாசகங்களுக்கும் சம மதிப்பு இருப்பதால் இது வெறும் அலங்காரம் இல்லை.

ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் தளம் நன்றாகவே இருக்கிறது. காற்றாலை விசிறிகள் மீது ஸ்பெயினின் காஸ்டில்யா-லா மான்சா மாநிலம் விதித்த கட்டணம் (சி-215/16, 2017), மின் உற்பத்தி மதிப்பின் மீது ஸ்பெயின் போட்ட 7 விழுக்காடு வரி (சி-220/19, 2021), சூரிய மின் ஊக்கத்தொகையை இத்தாலி குறைத்தது (சி-798/18, 2021) மூன்றையும் ஒரே அமர்வில் படித்துவிடலாம். மூன்றிலும் ஒன்றியச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதே முடிவு. மூன்றாவதைப் பொறுமையாகப் படியுங்கள். விவேகமுள்ள தொழில்முனைவர் சட்டம் மாறலாம் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற வாதம் அதில் விரிவாக வருகிறது.

குறை தொடங்குவது உறுப்பு நாடுகளின் படியில். உச்சவரம்பை ஜெர்மனி தன் மின்விலைத் தடைச் சட்டம் வழியாக நிறைவேற்றியது. வருவாயைப் பெரும்பாலும் உடனடிச் சந்தை (அன்றாட மின் ஏலச் சந்தை) விலையை வைத்துக் கணக்கிட்டது. எதிர்த்து 22 நிறுவனங்கள் போயின. 2024 நவம்பர் 28 அன்று கார்ல்ஸ்ரூவே அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களின் மனுக்களைத் தள்ளியது. உக்ரைன் போர் உண்டாக்கிய விதிவிலக்கான நிலைமையில், எதிர்பாராத மிகை வருவாயை நுகர்வோருக்கு மாற்றியது தாங்கத்தக்கதே என்றது. ஒழுங்குமுறையின் பக்கத்திலிருந்து இந்தத் தீர்ப்புக்குப் போக நேர்வழி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1 பி.வி.ஆர். 460/23 என்ற எண்ணை வைத்து அந்த நீதிமன்றத்தின் தளத்தில் தேட வேண்டும். தேசியச் சட்டங்களின் வாசகத்துக்கு என்-லெக்ஸ் என்ற துணை வாயில் இருக்கிறது. அது அந்தந்த நாட்டின் தளத்துக்குக் கொண்டுபோய் விடும், அதற்குமேல் மொழி தெரிந்தால்தான் முன்னேற முடியும்.

நிபுணர் தேடலுக்கும் தேடல்களைச் சேமிப்பதற்கும் பதிவு செய்ய வேண்டும், அதுவும் இலவசம். ஒரே ஒழுங்குமுறையைத் தொடர்ந்து கவனிக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்துவிடுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குச் செலெக்ஸ் எண்ணே போதும்.