கடைசி மேசையும் அத்தையின் சீட்டும்

மெல்பர்னிலிருந்து பினாங்கு வந்து இறங்கிய இரண்டாம் நாளே அத்தை என் பெயரைக் கொடுத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல இனிப்பு நீர் சோதனையாம், ஆள் பத்தலையாம். நீ சும்மாதானே உக்காந்திருக்கே?" இனிப்பு நீர் என்று இங்கே சொல்வது நீரிழிவை.

மண்டபம் ஜெலுத்தோங் பக்கம். காலை எட்டுக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. முதல் மேசையில் ஐசி (அடையாள அட்டை) எண், இரண்டாவதில் ரத்த அழுத்தம், மூன்றாவதில் விரல் நுனியில் ஒரு குத்து. கடைசி மேசை எனக்கு. மருத்துவம் தெரியாது, தமிழ் எழுத வரும், அதுதான் என் தகுதி. அச்சடித்த சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்ததால், பாட்டிகளுக்குப் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ரத்தச் சர்க்கரை 7.8 அல்லது அதற்கு மேல் காட்டினால், கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் சீட்டு அது. விரல் குத்திப் பார்த்ததை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. இதை நான் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

லோரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு 13.2. முகத்தில் கவலையே இல்லை. "மெட்ராஸ்ல என் மச்சானுக்கு 160ன்னு ஒரே அழுகை. எனக்கு வெறும் 13தானே!" அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கிக் காட்டினேன், 238 வந்தது. பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஒரு கணக்கைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் தமிழ்நாட்டு எண்களைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இங்கே நிம்மதியாக இருக்கிறார்கள்.

சீட்டு வாங்கியவர்கள் அதிகம் கேட்டது ஊசியைப் பற்றி. "இன்சுலின் போட்டா கிட்னி போயிரும்னு சொல்றாங்களே தம்பி?" நடப்பது தலைகீழ். ஊசிக்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப் போட்டு, சிறுநீரகம் கெட்ட பிறகு ஊசிக்கு வருகிறார்கள். பழி ஊசி மேல் விழுகிறது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால்தான் வருகிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு, இங்குள்ள இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31. வரிசையில் நின்ற எவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு ஒரு பிரமுகர் வந்து நாற்பது நிமிடம் பேசினார், அது முடியும்வரை யாருக்கும் விரலில் குத்தவில்லை. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பசி தாங்காமல் பசியாறப் போய்விட்டார்கள். பேச்சு முடிந்ததும் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் சிராப் பண்டோங், சர்க்கரைப் பாகு கலந்த ரோஸ் பால். பதினோரு மணிக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோனது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகப் பரிசோதனை உண்டு. திருப்பி அனுப்பியவர்களிடம் அதையாவது மைக்கில் அறிவித்திருக்கலாம்.

சீட்டு கொடுப்பதோடு ஏற்பாட்டாளர்களின் வேலை முடிந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு யார் போனார்கள் என்று கேட்க ஆளில்லை. என் வீட்டுக்கு வந்த சீட்டையாவது பின்தொடரலாம் என்று நினைத்தேன். ஆம், பெயர் கொடுத்த அத்தைக்கே 12.1. "காலையில மூணு ரொட்டி சானாய் தின்னேன், அதான்" என்று தட்டிக் கழித்தார்.

செவ்வாய் ஏழு மணிக்கே அத்தையைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு இழுத்துப் போனேன். பதிவுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். மெல்பர்னில் டாக்டரைப் பார்க்க நான் கையிலிருந்து கொடுக்கும் தொகையை நினைத்தால் சிரிப்புதான் வந்தது. ஆனால் காத்திருந்தது மூன்றரை மணி நேரம், மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடவில்லை. டாக்டர் நிதானமாகப் பேசினார், பாதத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதற்குள் நான் விமானம் ஏறியிருப்பேன்.

தாதி தேதி எழுதிய அட்டையை நீட்டினார். அத்தை அதை வாங்காமல் என்னைப் பார்த்து, "தே ஓ கோசோங் குடிச்சிட்டு வரலாமான்னு கேளு" என்றார். பாலும் சர்க்கரையும் போடாத தேநீர் அது. மலாயில் கேட்டேன். தாதி அத்தையிடமே நேராகச் சொன்னார்: "ஆயர் கோசோங் சாஜா, மக்சிக்." வெறும் தண்ணீர் மட்டும்தானாம்.

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டார்.