மீட்டரில் 62,300, ஜாப் கார்டில் 1,38,760: பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2015 மாடல் டிசையர் டீசல். வெள்ளை நிறம், ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட்), சிங்கிள் ஓனர். மீட்டரில் 62,300 கிலோமீட்டர். கொங்குப் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் 4,60,000 ரூபாய் கொடுத்து ஒரு குடும்பம் வாங்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறியது, இன்சூரன்ஸ் மாறியது, எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்றாவது மாதம் மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. கம்பெனி சர்வீஸில் வண்டி எண்ணைத் தட்டியதும் பழைய ஜாப் கார்டுகள், அதாவது ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதும் பதிவுகள், வரிசையாக வந்தன. 2019 கடைசியில் போட்ட பதிவில் 1,38,760 கிலோமீட்டர். அதற்குப் பிறகு கம்பெனி சர்வீஸுக்கு அந்த வண்டி வரவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு வருஷத்தில் 1,38,760 என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 34,700, நாளுக்கு 95 கிலோமீட்டர். வீட்டு உபயோகத்தில் ஓடும் கார் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஓடினாலே சாதாரணம். வெள்ளை போர்டு என்பதாலேயே வாடகைக்கு ஓடாத வண்டி என்று நம்பிவிட முடியாது. கம்பெனி கான்ட்ராக்டில் ஆள் ஏற்றி இறக்கிய வெள்ளை போர்டு வண்டிகள் நிறைய இருக்கின்றன.

கிளட்ச் செட், முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டு, இன்ஜின் மவுண்ட் என்று செலவு தொடர்ந்து வந்தது. அந்தக் குடும்பம் ஏமாந்தது ஓரிடத்தில்தான். மீட்டரைப் பார்த்தார்கள், தாளைக் கேட்கவில்லை.

மீட்டரைக் குறைப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கேபிள் மீட்டர் காலத்தில் டாஷ்போர்டைக் கழற்றி, பல்சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். எண்கள் கோணலாக நிற்கும், பார்த்தாலே பிடிபடும். டிஜிட்டல் மீட்டரில் ஓடிய தூரம் கிளஸ்டருக்குள் (மீட்டர்கள் இருக்கும் பெட்டி) இருக்கும் சின்ன மெமரி சிப்பில் பதிவாகிறது. சில வண்டிகளில் கிளஸ்டரைக் கழற்றி அந்த சிப்பை நேரடியாகப் படித்து மாற்றி எழுதுகிறார்கள். பல வண்டிகளில் அதுகூட வேண்டாம், ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது பார்க்கும் கருவியை இணைப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகினால் சில நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்க்ரூவில் கீறலோ பிளாஸ்டிக் ஓரத்தில் நெம்பிய தடமோ இருக்காது. ஆகவே டாஷ்போர்டு கைபடாமல் இருக்கிறது என்பது எதற்கும் சான்று ஆகாது. ஆனால் கிளஸ்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் தூசியோ விரல் ரேகையோ தெரிந்தால், அதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். பழுதாகி முறையாக கிளஸ்டர் மாற்றியிருந்தால் அதற்கும் ஜாப் கார்டு இருக்கும்.

இதில் விலை மட்டும் ஏமாற்றம் என்று நினைக்க வேண்டாம். பராமரிப்பு முழுக்கக் கிலோமீட்டர் கணக்கில்தான் நடக்கிறது. ரெனோ டஸ்டரில் வந்த 1.5 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். 1,30,000 ஓடிய வண்டியில் 60,000 என்று காட்டினால், வாங்கியவர் பெல்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

இனி, வண்டியைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை.

டிரைவர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். தினமும் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிய பெல்ட் ஓரத்தில் நூல் பிசிறி, பஞ்சு போல் மெத்தென்று இருக்கும். வண்டியை பாலிஷ் போடுகிறவர் சீட் கவர் மாற்றுவார், ஸ்டியரிங் கவர் போடுவார், பெடல் ரப்பரும் மாற்றுவார். பெல்ட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பக்கத்து சீட் பெல்ட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், அதையும் பாருங்கள். 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் பளபளவென்று புதிதாக இருந்தால், சந்தேகப்படுவதற்கு அது ஒன்றே போதும். அந்தத் தூரத்துக்கு ரப்பர் மாற்ற வேண்டிய தேவையே வராது.

முன்கண்ணாடியை வெயிலுக்கு எதிராகச் சாய்ந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய கண்ணாடியில் மணல் தெறித்த நுண்ணிய புள்ளிகள் நிறைந்திருக்கும். பிரேக் டிஸ்க் ஓரத்தில் விரலை வைத்துத் தடவுங்கள், நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு எழுந்திருந்தால் டிஸ்க் நிறைய தேய்ந்திருக்கிறது.

டயரில் தேதி இருக்கிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு வரும் குறியீட்டில் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு செட் டயர் பொதுவாக நாற்பது, ஐம்பதாயிரம் தாங்கும். மீட்டர் 30,000 காட்டுகிறது, நாலு டயரும் வண்டியைவிட மூன்று வருஷம் இளையவை, ஸ்டெப்னி மட்டும் வண்டியோடு வந்தது என்றால், கழற்றிப் போட்ட டயர்கள் எவ்வளவு ஓடின என்று கேட்டே ஆக வேண்டும். டயர் கடை பில்லையும் கேளுங்கள்.

பெயிண்ட் பூசி வெள்ளை போர்டாக மாற்றிய டி போர்டு (மஞ்சள் பிளேட் வாடகை) வண்டி தனி வகை. நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பின்னால் மஞ்சள் தெரிகிறதா பாருங்கள். கூரையில் கேரியர் கால் பதிந்த தடம், கதவில் ஸ்டிக்கர் பசை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வெட்டி விட்ட வயர், இவையெல்லாம் வாடகை வண்டியின் அடையாளங்கள்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி.-2 கட்டாயம் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். போனில் ஆப் போட்டு இணைத்தால், பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு கணக்கை இன்ஜின் கம்ப்யூட்டர் காட்டும். இது மீட்டரிலிருந்து தனி. மீட்டர் 48,000 என்று சொல்ல, இந்தக் கணக்கு 61,300 என்று சொன்னால் பேச்சே வேண்டாம், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ஆனால் இந்தக் கணக்கு 65,535க்கு மேல் ஏறாது, எல்லா வண்டியும் இதைக் காட்டுவதும் இல்லை. 12 கிலோமீட்டர் என்று வந்தால் யாரோ நேற்றுதான் குறியீட்டை அழித்திருக்கிறார்கள். சில வண்டிகளில் பேட்டரி கழற்றினாலும் அப்படி ஆகும் என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. சில ஐரோப்பிய கார்களில் மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும், அந்த கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் படித்துப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்து பதிவான தாள்கள். மீட்டரைத் திருப்புகிறவரால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பதிவைத் திருப்ப முடியாது. கம்பெனி சர்வீஸ் வரலாறு முதல் இடம். சில இடங்களில் உரிமையாளர் நேரில் வந்தால்தான் தருவார்கள். விற்கிறவர் அதற்கு மறுத்தால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். வீல் அலைன்மென்ட் பிரிண்ட், டயர் பில், பேட்டரி வாரண்டி கார்டு, பானட்டுக்கு அடியிலோ கதவு ஓரத்திலோ ஒட்டியிருக்கும் ஆயில் ஸ்டிக்கர் என்று கிளவ் பாக்ஸைக் குடைந்தால் ஏதாவது ஒன்று கிடைக்கும். இன்சூரன்ஸ் விட்டுப்போய் மறுபடி எடுத்திருந்தால் அப்போது பிடித்த மீட்டர் போட்டோ இருக்கும். க்ளெய்ம் ஆகியிருந்தால் சர்வேயர் அறிக்கை. ஃபாஸ்டேக் கணக்கில் ஒரு வருஷ டோல் பட்டியலை விற்கிறவர் போனிலேயே காட்டச் சொல்லுங்கள். "மாசம் ஒருதரம் கோயிலுக்குப் போற வண்டி" என்று சொல்லும் காரில் வாரம் நாலு தடவை டோல் கட்டியிருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

கிடைத்ததை எல்லாம் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கேயாவது எண்ணிக்கை இறங்குகிறதா? மூன்று வருஷம் வருஷத்துக்கு 30,000 ஏறிவிட்டு, கம்பெனி சர்வீஸ் நின்ற பிறகு திடீரென்று 4,000, 5,000 என்று நகர்கிறதா? அந்த இடத்தில்தான் கை வைத்திருப்பார்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் எல்லாம் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் அங்கே சுத்தமாக இருப்பதால் கிலோமீட்டரும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது டெலிவரி நோட். அந்த டிசையர் வாங்கிய குடும்பத்திடம் இருந்த நோட்டில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், டெலிவரி நேரம்கூட இருந்தது. கிலோமீட்டர் என்ற இடம் மட்டும் வெறுமை. அதற்குக் கீழே, "வண்டியைப் பார்த்து, ஓட்டித் திருப்தியடைந்து உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரி, அதன்மேல் வாங்கியவர் கையெழுத்து. நீங்கள் கையெழுத்துப் போடும்முன் கிலோமீட்டரை எழுதச் சொல்லுங்கள், "மீட்டர் மாற்றப்படவில்லை, மாற்றியிருந்தால் பணம் திரும்பத் தரப்படும்" என்ற வரியையும் சேர்த்து முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். இதற்கு இழுத்தடிப்பவரிடம் வாங்கவே வேண்டாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய மீட்டர் போட்டோ, இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அவர்கள் வசம் இருக்கும்போது வண்டி எங்கே, எதற்காக, எவ்வளவு ஓடியது என்று மின்னணுப் பதிவேடு வைக்கவும் வேண்டும். சான்றைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ரிப்பேரைத் தொடங்கும் முன்பே கம்பெனி சர்வீஸில் ஜாப் கார்டு வரலாற்றை முத்திரையோடு வாங்குங்கள். இப்போதைய மீட்டரைப் போட்டோ எடுங்கள். வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் மாதங்களை ஓட்டிவிடாதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம்தான் கெடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம், அங்கே சிவில் வழக்கும், மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் காவல்துறைப் புகாரும்தான் வழி. எங்கே போனாலும் முதலில் கேட்பது பழைய ஜாப் கார்டும் டெலிவரி நோட்டும்தான். இரண்டையும் மூன்று நகல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.