பெர்லினா, ஐந்தோவனா? முதலில் குழந்தையின் வயதைச் சொல்லுங்கள்

சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரித் தோழி ஒருத்தி அழைத்தாள். அவள் கணவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைக் கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று பெர்லினில், மற்றொன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில். வரி, வாடகை, மளிகை எல்லாவற்றையும் கழித்து மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று எக்செல் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஐந்தோவன் பக்கம் முந்நூறு யூரோ கூடுதலாக நின்றது. "அப்படியானால் ஐந்தோவன்தானே?" என்றாள். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். பெரியவனுக்கு மூன்றரை, சின்னவளுக்கு ஒன்று. "அந்த இரண்டு எண்களும் உன் தாளில் இல்லையே" என்றேன்.

நான் 2018இல் ஒன்றரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு பெர்லினில் இறங்கியவள். என் தம்பி 2021இல் மூன்றரை வயது மகளோடு ஐந்தோவன் போனவன். இருவர் வீட்டிலும் மென்பொருள் சம்பளம், இருவர் வீட்டிலும் ஒரே மாதிரி சாம்பார். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு வீட்டிலும் வேறு வேறு விதமாகக் கழிந்தன. அதற்குக் காரணம் ஊரைவிடப் பிள்ளைகளின் வயது என்பதுதான் என் கட்சி.

ஜெர்மனியில் ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குக் காப்பகத்தில், அதாவது கீட்டாவில், இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை. கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கட்டணமே கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். காலைச் சிற்றுண்டிக்கும் பாட்டு வகுப்புக்கும் சில இடங்களில் சிறு தொகை கூட்டுவார்கள், அவ்வளவுதான். அம்மா வேலைக்குப் போகவில்லை என்றாலும் பகுதிநேர இடம் உண்டு.

உரிமை இருப்பதால் இடம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நான் வந்த ஆண்டு நாற்பது கீட்டாக்களுக்கு எழுதினேன். மூன்று பதில் வந்தது, அதில் இரண்டு "இல்லை". இப்போது பிறப்பு குறைந்துவிட்டதால் பெர்லினில் அந்த நெருக்கடி தளர்ந்திருக்கிறது. தோழியின் நல்ல நேரம்.

இடம் கிடைத்தபின் அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நடக்கவில்லை. குழந்தையைப் பழக்கப்படுத்துவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயரே பெர்லின் முறை. முதல் மூன்று நாட்கள் தாயோ தகப்பனோ அறையின் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம். பிரித்துப் பார்ப்பது நான்காம் நாள்தான், அதுவும் சில நிமிடங்கள். நான் வெளியே நடைபாதையில் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வரிசையாகக் கோட்டு மாட்டும் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலங்குப் படம். என் மகனுக்கு முள்ளெலி. உள்ளே அவன் அழுகிறான், நான் முள்ளெலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியை கதவைத் திறந்து, "அழட்டும், ஆனால் என்னிடம் சமாதானம் ஆகிறானா என்றுதான் பார்க்கிறேன்" என்றாள். ஐந்தாவது வாரம் ஒருநாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினான். அன்று நடைபாதையில் அழுதது நான். புது வேலையில் சேரும் இருவரும் இந்த ஐந்து வாரத்தைக் கணக்கில் வைக்காவிட்டால் யாராவது ஒருவர் சங்கடத்தில் மாட்டிக்கொள்வார்.

நெதர்லாந்தில் இந்தச் சடங்கெல்லாம் இல்லை. ஓரிரு அரைநாள் வந்து பழகினால் போதும், பிறகு முழுநாள். ஆனால் அந்த முழுநாளுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். மணிக்குப் பத்து யூரோவைத் தாண்டிய கட்டணம், அதைப் பத்துப் பதினொரு மணி நேரத்தால் பெருக்குங்கள். அரசு மானியம் தருகிறது, வருமானம் குறையக் குறைய அது கூடும். ஆனால் பெற்றோர் இருவரும் வேலையிலோ அதற்கு ஈடான படிப்பிலோ இருந்தால்தான். தம்பி மனைவி முதல் ஆண்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாததால் மானியம் இல்லை, மானியம் இல்லாததால் காப்பகம் இல்லை, காப்பகம் இல்லாததால் நேர்காணலுக்குப் போக முடியவில்லை. கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. நகராட்சி உதவியோடு நடக்கும் விளையாட்டுக் குழுவில் வாரத்தில் சில அரைநாட்கள் கிடைத்தன, தம்பி மகள் டச்சு பேசக் கற்றது அங்கேதான். தோழியின் முந்நூறு யூரோவை இங்கே வைத்துப் பாருங்கள். மானியம் இல்லாத காப்பகத்தில் மாதத்துக்கு மூன்று நாள்கூடத் தாங்காது.

நான்கு வயதில் தராசு அப்படியே சாய்ந்துவிடும்.

நெதர்லாந்தில் நான்காவது பிறந்தநாளுக்கு மறுநாள் குழந்தை பள்ளிக்குப் போகலாம், இலவசமாக. ஜூன் மாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டாயம் ஐந்தில்தான் தொடங்குகிறது, ஆனால் ஏறக்குறைய எல்லோரும் நான்கிலேயே அனுப்பிவிடுகிறார்கள். தம்பி மகள் ஒரு மழைக்கால வியாழக்கிழமையில், வகுப்பு நடுவில், முதுகில் பையோடு போய்ச் சேர்ந்தாள். காலை எட்டரைக்கு விட்டால் பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ அழைத்து வரவேண்டும், பல பள்ளிகளில் புதன்கிழமை மதியத்தோடு சரி. அதற்குப் பிறகான நேரத்துக்குத் தனிக் காப்பகம், தனிக் கட்டணம்.

பெர்லினில் என் மகன் ஆறு வயது வரை கீட்டாவிலேயே இருந்தான். செப்டம்பர் 30க்குள் ஆறு வயது நிறைந்தால் அந்த ஆண்டு பள்ளி. அதுவரை ஓர் எழுத்துகூடக் கற்றுத்தரமாட்டார்கள். மழை பெய்தால் ரப்பர் கால்சட்டையும் பூட்ஸும் மாட்டிச் சேற்றில் விடுவார்கள். மாமியார் வந்திருந்தபோது, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வந்து நின்ற பேரனைப் பார்த்து, "இதற்குத்தான் அரசாங்கம் காசு கொடுக்கிறதா?" என்றார். நெதர்லாந்தில் நான்கு வயதிலேயே "பள்ளி" என்று சொன்னதும் ஊரில் தாத்தா பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கும் முதல் இரண்டு ஆண்டும் மணலும் மரக்கட்டையும்தான், வாசிப்பு ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதை அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பள்ளி தம்பி மனைவிக்குச் செய்ததை என் கீட்டா எனக்குச் செய்யவில்லை. டச்சுப் பள்ளிகள் பெற்றோரின் கைகளை வைத்தே பாதி ஓடுகின்றன. விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேன் பார்ப்பார்கள். பார்ப்பது செவிலியர் அல்ல, பெற்றோர். "பேன் அம்மா" என்றே பெயர். மொழி தெரியாத புது அம்மா எதற்கும் முன்வரத் தயங்குவாள் அல்லவா? இவள் இதற்குக் கை தூக்கிவிட்டாள். முதல் நாளே மற்ற அம்மாக்கள் சீப்பை நிறுத்திவிட்டு இவளை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். வகிடு எடுத்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்து, ஈரை இரண்டு நகத்துக்கு நடுவே வைத்து... திருநெல்வேலித் திண்ணையில் கற்ற வித்தை. "அண்ணி, என் பட்டப்படிப்புக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை, இதற்குக் கிடைத்துவிட்டது" என்று தொலைபேசியில் சிரித்தாள். அந்த மேசையில் பழகிய ஒரு தாய் வழியாகத்தான் அவளுக்கு வேலையும் வந்தது. வேலை வந்ததும் மானியமும் வந்தது.

சாப்பாட்டில் பெர்லின் பக்கம்தான் நான். கீட்டாவில் நண்பகலில் சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள், சைவம் கேட்டால் தருகிறார்கள். டச்சுப் பள்ளிக்கு ரொட்டி டப்பா. ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் துருவலைத் தூவி, அதையும் மதிய உணவு என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். தம்பி மகள் இப்போது தோசை மேலும் தூவிக் கேட்கிறாள்.

உடம்புக்கு முடியாமல் போனால்? பெர்லினில் நேராகக் குழந்தை மருத்துவரிடம் போகலாம். பிறந்தது முதல் பள்ளி வரை குறித்த வயதுகளில் பரிசோதனை, எல்லாம் ஒரு மஞ்சள் நோட்டில் பதிவாகும். புதிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. நெதர்லாந்தில் எல்லாவற்றுக்கும் குடும்ப மருத்துவர்தான் வாசல், அவர் அனுப்பினால்தான் நிபுணர். தடுப்பூசிக்கும் எடை பார்ப்பதற்கும் நான்கு வயது வரை தனி நிலையம், செலவில்லை. மூன்று நாள் காய்ச்சலோடு போன தம்பிக்குக் கிடைத்தது "பாரசிட்டமால் கொடுத்துப் பாருங்கள்". நம் ஊர் மருத்துவர்கள் கை நிறைய எழுதித் தந்து பழக்கப்படுத்தியதால் இது அலட்சியமாகத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. பெரும்பாலும் காய்ச்சல் தானே இறங்கியும் விடுகிறது.

காப்பீட்டில் வித்தியாசம் பெரிது. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில், சம்பாதிக்காத மனைவியும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிக் கணவரின் காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்கள். நெதர்லாந்தில் 18 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், ஆனால் பெரியவர்கள் ஒவ்வொருவரும் மாதம் தனியாகக் கட்ட வேண்டும், பல சிகிச்சைகளுக்கு ஆண்டில் முதல் 385 யூரோ கைக்காசு. அரசு தரும் குழந்தைப் படி ஜெர்மனியில் 2025இல் மாதம் 255 யூரோ. நெதர்லாந்தில் சின்னக் குழந்தைக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே முந்நூறைத் தொடவில்லை. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு ஜெர்மன் வரி முறையும் தோதானது. ஐந்தோவன் சம்பளம் பெரிதாகத் தெரிவதற்கு, வெளிநாட்டு நிபுணர்களுக்குச் சம்பளத்தில் முப்பது சதவீதம் வரை வரியில்லாமல் தரும் சலுகை ஒரு காரணம். அது ஐந்தே ஆண்டு, 2027 முதல் இருபத்தேழு சதவீதமாகிறது. தம்பி அதைத் தேனிலவு என்பான்.

வீட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, இரண்டு ஊரிலும் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனக்குக் கிடைத்த வீட்டில் சமையலறை இல்லை. அறை இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லாமல் வெறும் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி வீட்டில் சமையலறை இருந்தது, தரைவிரிப்போ பலகையோ இல்லாமல் சிமெண்டுத் தரை. முந்தைய குடித்தனக்காரர் தரையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். கூடவே ஏணி போலச் செங்குத்தான மாடிப்படி. தவழும் குழந்தை இருந்தால் மேலும் கீழும் தடுப்புக் கதவு போடாமல் ஒரு நாளும் இருக்க முடியாது.

ஜெர்மானியர்கள் சத்தம் பொறுக்கமாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள். காப்பகத்திலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் போடும் சத்தத்தைத் தொல்லையாகக் கருதக் கூடாது என்று 2011இல் சட்டமே திருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவரைக்கும் கிரைண்டருக்கு அந்தச் சலுகை இல்லை, கீழ்வீட்டுப் பாட்டி ஒருமுறை படியேறி வந்துவிட்டார். இப்போது சனிக்கிழமை மாலையே அரைத்துவிடுகிறேன்.

மொழியில் தம்பி ஜெயித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தோவனில் கடை, மருத்துவர், பக்கத்து வீடு எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். பெர்லினில் இளைஞர்களிடம் ஆங்கிலம் ஓடும், அலுவலகக் கடிதத்திடம் ஓடாது. ஒருமுறை கீட்டா ஒட்டிய அறிவிப்பை விழா அழைப்பு என்று நினைத்து மகனுக்குப் பட்டுச் சட்டை போட்டு அனுப்பினேன். அது உண்ணி கடிக்கும் காலம் தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கை.

தமிழுக்கு ஜெர்மனியில் துணை அதிகம். ஈழத்திலிருந்து வந்தவர்கள் கட்டியெழுப்பிய தமிழாலயங்கள், அதாவது தமிழ்ப் பள்ளிகள், பல ஊர்களில் வார இறுதியில் நடக்கின்றன. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் தேரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். என் மகன் தமிழாலயத்தில் பழகிய பிள்ளைகளைப் பார்த்து "ஆமாம்" என்பதற்கு "ஓம்" போட்டுப் பேசுகிறான். கோயம்புத்தூர் அத்தைக்கு அது புரிவதில்லை.

தோழிக்கு நான் சொன்னது பெர்லின். சின்னவளுக்கு ஒரு வயது, இவள் உடனே வேலைக்குப் போகும் எண்ணத்தில் இல்லை, ஜெர்மன் படிக்கத் தயார். பெரியவன் கீட்டாவில் இன்னும் இரண்டரை ஆண்டு சேற்றில் புரளட்டும். சின்னவளுக்கும் நான்கு நிரம்பியிருந்து, இவள் ஆங்கிலத்திலேயே வேலை தேடுபவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தோவன் என்றிருப்பேன். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, உன் வீட்டுத் தபால்பெட்டியை அவளிடம் திறந்து காட்டிவிட்டு அப்புறம் சொல்" என்றான்.

எந்த ஊரானாலும், கிளம்புமுன் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் தட்டம்மை ஊசிப் பதிவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். 2020 மார்ச் முதல் அந்தச் சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பொறி இருக்கிறது. சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் முத்திரை நெதர்லாந்தில் செல்லும், ஜெர்மனியில் செல்லாது. அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி மறுப்புத் தெரிவித்துவிட்டதே காரணம். அவள் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளின் சான்றிதழுக்கும் முத்திரை வாங்கி, லாமினேட்டும் செய்து வைத்திருந்தாள்.