சிங்கப்பூர்ல அப்பா அம்மாவ சுத்திக் காட்ட எது சரி: டூர் வேனா, மாடி பஸ்ஸா, படகா, சாதா எம்ஆர்டி மெட்ரோ ரயிலா?

போன வருஷம் அப்பாவையும் அம்மாவையும் திருச்சில இருந்து சிங்கப்பூருக்கு கூட்டிட்டுப் போனேன். தம்பி வீடு செங்காங்ல, எட்டு நாள் அங்கதான். அப்பாக்கு 74 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு, பிரஷர் மாத்திரைல ஒண்ணு நீர் பிரியற மாத்திரை. அம்மாக்கு 69, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, படி ஏறறது கூட எப்படியோ சமாளிச்சுடுவாங்க, இறங்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும். இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நாலு விதமா ஊர் சுத்தினோம். கிளம்பறதுக்கு முன்னாடி நிறைய பேர்ட்ட கேட்டேன், எல்லாரும் டிக்கெட் எவ்ளோ, ஒரு நாள்ல எத்தன இடம் பாக்கலாம்னுதான் சொன்னாங்க. பாத்ரூம் பத்தி ஒருத்தர் கூட சொல்லல. எங்களுக்கு கடைசில எல்லாத்தையும் முடிவு பண்ணினது அதுதான்.

முதல்லயே சொல்லிடறேன், என் ஓட்டு எம்ஆர்டிக்கும் சாதா டவுன் பஸ்ஸுக்கும்தான். ஏன்னு கீழ சொல்றேன்.

முதல் நாள் எடுத்தது கைடோட வர்ற அரை நாள் டூர் வேன். வீட்டுப் பக்கத்துலயே ஏத்திக்கிட்டாங்க, ஏசி, நல்ல சீட்டு, சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்கற மெர்லயன் சிலை, சைனாடவுன், ஆர்க்கிட் தோட்டம், லிட்டில் இந்தியான்னு வரிசையா காட்டினாங்க. வயசானவங்களுக்கு இதுதான் சுகம்னு நானும் நெனச்சுதான் புக் பண்ணினேன். ஆனா வேன்ல பன்னெண்டு பேரு, ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம்தான். சைனாடவுன்ல இறங்கி பாத்ரூம் எங்கன்னு தேடி கண்டுபிடிக்கறதுக்கே பத்து நிமிஷம் போச்சு, அப்புறம் அவசர அவசரமா திரும்பி ஓட வேண்டியதாச்சு, அம்மாவால எப்படி ஓட முடியும். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அப்பா தலை சுத்துதுன்னு படுத்துட்டாரு. கையில குடுத்த தண்ணி பாட்டில் மூடி கூட திறக்கல. கேட்டா, "நடுவுல வண்டிய நிறுத்தச் சொல்லி எல்லாரும் எனக்காக காத்துட்டு இருக்கணுமாம்மா"ங்கறாரு. காலைல காபி கூட குடிக்காம வந்திருக்காரு மனுஷன். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இது எங்க அப்பா மட்டும் பண்றதில்ல, வெளியூர் பஸ்ல போற நம்ம ஊர் பெரியவங்க பாதிப் பேரு இப்படித்தான். வயசாக ஆக தாகமே சரியா தெரியாது, அதோட நீர் மாத்திரையும் சேந்து, 31-32 டிகிரி வெயில்ல அந்த ஊர் புழுக்கத்துல தண்ணி குடிக்காம சுத்தினா என்ன ஆகும்? அதனால அன்னைக்கு ராத்திரியே நானும் தம்பியும் உக்காந்து மிச்ச நாளுக்கு ஒரே ஒரு கேள்விய வச்சுதான் பிளான் போட்டோம். அப்பா யார்ட்டயும் கேக்காம, கூச்சப்படாம, எப்ப வேணா பாத்ரூம் போக முடியுமா?

ஹாப் ஆன் ஹாப் ஆஃப் மாடி பஸ். கேக்க நல்லா இருக்கு, வேணுங்கற இடத்துல இறங்கி திரும்ப ஏறிக்கலாம்னு. மேல் மாடி திறந்தவெளி, காத்து வரும், ஃபோட்டோ நல்லா வரும். ஆனா மேல போற படி குறுகலா செங்குத்தா இருக்கும், அம்மா பாத்த உடனே நான் கீழயே உக்காந்துக்கறேன்னுட்டாங்க. கீழ உக்காந்தா அப்புறம் எதுக்கு அவ்ளோ காசு குடுத்து அந்த பஸ்? பதினோரு மணிக்கு மேல மேல் மாடில வெயில் தாங்கல, கூட வந்த சின்னப் பசங்களே கீழ இறங்கி வந்துட்டாங்க. பாத்ரூம்னு இறங்கினா அடுத்த வண்டி வர்ற வரைக்கும் ஸ்டாப்ல நிக்கணும். அரை நாள்தான் அதுல போனோம், அதனால முழுசா குறை சொல்ல மாட்டேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போனா நல்லாவே இருக்கலாம்.

போட் பத்தி கட்டாயம் சொல்லணும். கிளார்க் கீல இருந்து கிளம்பற பழைய மாடல் படகு, ஆத்துல போயி மரீனா பே வரைக்கும் சுத்திட்டு வரும், மொத்தம் சுமார் 40 நிமிஷம். ஒரு ஆளுக்கு 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல ஆகும், குறைவில்லதான். ஆனா உக்காந்த எடத்துலயே 1869-ல கட்டின கேவனா பாலத்துக்கு அடியில போறோம், மெர்லயன நேருக்கு நேரா பாக்கறோம். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. 1972-ல ஆத்து முகத்துல வச்சிருக்காங்க, அப்புறம் முன்னாடி ஒரு பாலம் வந்து மறைச்சிட்டதால 2002-ல இப்ப இருக்கற எடத்துக்கு நகத்தினாங்க. முதல் நாள் வேன்ல போயி கூட்டத்துக்குள்ள பக்கவாட்டுல பாத்தத விட இது எவ்வளவோ மேல். ஒரு காலத்துல இதே மாதிரி படகுகள்லதான் மூட்டை மூட்டையா சரக்கு இறக்கினாங்க, ஆறு சாக்கடையா கிடந்துச்சு, 1977-ல ஆரம்பிச்சு பத்து வருஷம் சுத்தம் பண்ணினாங்கன்னு தம்பி சொல்லச் சொல்ல அப்பா நம்ம திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்கால நெனச்சு பெருமூச்சு விட்டாரு. ஏறும்போது மட்டும் படகு லேசா ஆடும், ரெண்டு பக்கமும் கை புடிச்சுக்கணும். 40 நிமிஷத்துக்கு எங்கயும் இறங்க முடியாது, அதனால முன்னாடியே போயிட்டு ஏறணும். ஆனா எவ்ளோ நேரம்னு அப்பாக்கு முன்கூட்டியே தெரியும், அதனால பயமே இல்ல. வேன்ல அது தெரியாதுல்ல, அதான் வித்தியாசம்.

இப்ப எம்ஆர்டி. எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் பாத்ரூம் இருக்கு. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்ளோ எழுதறேன். சிலதுல டிக்கெட் கேட்டுக்கு உள்ள இருக்கும், சிலதுல வெளிய, ஒரு தடவை கவுண்டர்ல போயி சொன்னோம், கேட்டைத் திறந்து விட்டாங்க. சக்கர நாற்காலி போற அளவுக்கு பெருசா, கைப்பிடி வச்ச ரூமும் இருக்கும், அம்மாக்கு உக்காந்து எந்திரிக்க அதுதான் வசதி. செங்காங் இருக்கறது நார்த் ஈஸ்ட் லைன்ல, வண்டி மாறாமலே ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, கிளார்க் கீ, சைனாடவுன் எல்லாம் வந்துடும். ஃபேரர் பார்க்ல இறங்கினா ஸ்ரீனிவாச பெருமாள் கோயில், சைனாடவுன்ல 1827-ல ஆரம்பிச்ச மாரியம்மன் கோயில். அதே சைனாடவுன்ல டவுன்டவுன் லைனுக்கு மாறினா மூணாவது ஸ்டேஷன் பேஃபிரண்ட், அங்க இருந்து கார்டன்ஸ் பை த பே பூங்காக்கு குட்டி வண்டி போகும். ஸ்டேஷன்ல தமிழ்ல அறிவிப்பு வந்தப்ப அம்மா என் கையப் புடிச்சு அழுத்தினாங்க.

மூணாவது நாள்ல இருந்து அப்பா கொஞ்சம் கொஞ்சமா மாறினாரு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கின உடனே போர்டப் பாத்து அவரே போயிட்டு வந்துடுவாரு, யார்ட்டயும் சொல்லல, யாரும் கேக்கல. பாட்டில் தானா காலியாச்சு. ஒண்ணு மட்டும் கவனிங்க, ரயில், பஸ், ஸ்டேஷன் உள்ள எங்கயும் சாப்பிடக் கூடாது, தண்ணி கூட குடிக்கக் கூடாது, 500 வெள்ளி வரைக்கும் ஃபைன். அதனால கேட்டுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர், வெளிய வந்ததும் ஒரு டம்ளர்னு கணக்கு வச்சுக்கிட்டோம், குழாத் தண்ணியே குடிக்கலாம்ங்கறதால பாட்டில் ரொப்பறது பிரச்சினையே இல்ல.

எம்ஆர்டில குறை இல்லாம இல்ல. நடை ஜாஸ்தி. டோபி காட் மாதிரி ஜங்ஷன்ல லைன் மாற உள்ளயே நடந்துக்கிட்டே இருக்கணும், பென்கூலன் ஸ்டேஷன் 43 மீட்டர் ஆழத்துல இருக்கு, எஸ்கலேட்டர் வேகமா வேற ஓடும், அம்மா அதுல கால் வைக்கவே மாட்டேன்னுட்டாங்க. லிஃப்ட் சில எடத்துல ஒரு கோடில இருக்கும். அதனால வண்டி மாறாம போற மாதிரி தங்கற எடத்தப் பாத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. காலைல ஒம்போது மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் அஞ்சரைக்கு மேலயும் போகாதீங்க, நெரிசல். அப்புறம் எல்ஆர்டின்னு குட்டி ரயில் இருக்கு, அந்த ஸ்டேஷன்கள்லயும் பாத்ரூம் இருக்கும்னு நம்பிப் போயிடாதீங்க.

ஊர வேடிக்கை பாக்கணும்னா டவுன் பஸ்தான், ரயில்ல பாதி நேரம் இருட்டு சுரங்கம். ஏர்போர்ட்டுல ஜுவல்ங்கற மால் உள்ள இருக்கற 40 மீட்டர் அருவிய பாத்துட்டு திரும்பும்போது 36-ம் நம்பர் பஸ்ல ஏறினோம், மரீன் பரேட், மரீனா சென்டர், ஆர்ச்சர்ட் ரோடுன்னு ஊர் மொத்தமும் ஜன்னல்ல ஓடுச்சு, ஆளுக்கு மூணு வெள்ளிக்குள்ள. தாழ்வான தளம், படியே இல்லாம ஏறலாம். பாதி வழில அப்பா என்னப் பாத்தாரு, பெல் அடிச்சோம், சன்டெக் பக்கத்துல இறங்கினோம், மால் உள்ள போயிட்டு வந்து நிழல்ல உக்காந்து அடுத்த 36 புடிச்சோம். அதே நம்பர்ல திரும்ப ஏறினா புதுசா காசு புடிக்கும், போகட்டும். நம்ம பெரியவங்களுக்கு அங்க சீனியர் சலுகை கட்டணம் கிடையாது, அது அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான்.

டாக்ஸி ரெண்டு தடவ எடுத்தோம், ரெண்டும் மழைக்கு. மழை வந்தா ஆப்ல புக் பண்ற வண்டிக்கு ரேட் ஏறிடும், ஆனா அம்மாவ நனைய விட முடியாது, அந்த செலவுக்கு யோசிக்காதீங்க.

மார்ச்ல அத்தையும் மாமாவும் போறாங்க, மாமாக்கு போன வருஷம் புராஸ்டேட் ஆபரேஷன் ஆச்சு. ஒரு பேப்பர்ல நார்த் ஈஸ்ட் லைன் ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதி, எதுல பாத்ரூம் கேட்டுக்கு உள்ள, எதுல வெளியன்னு அப்பாதான் ஞாபகத்துல இருந்து குறிச்சுக் குடுத்துட்டு இருக்காரு.