சித்தப்பாவின் பழைய கிட்டார்: ஆக்‌ஷன் குறைத்து நான்கு ஆண்டுகள்

எஃப் கார்டைப் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடித்தால் மூன்றாவது நிமிடமே மணிக்கட்டு கடுக்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு கிட்டார் அது. பாளையங்கோட்டையில் சர்ச் கொயருக்குச் சித்தப்பா வாசித்தது. 1990-களில் கொல்கத்தாவில் செய்தது என்பார். உள்ளே ஒட்டிய லேபிள் பாதி உரிந்துபோனதால் பெயர் தெரியவில்லை. பத்து வருடம் பரணில் கிடந்து, 2021-ல் என் கைக்கு வந்தது. சத்தம் மட்டும் கனிந்து, நிறைவாக இருந்தது. அதற்காகவே விட மனம் வரவில்லை.

ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுக்கு (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே கம்பி நிற்கும் உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் அளந்தால் தடித்த ஆறாம் கம்பி 4.2 மி.மீ. உயரம், மெல்லிய முதல் கம்பி 3.4. சாதாரணமாக வாசிக்க ஆறாம் கம்பி இரண்டரை, முதல் கம்பி இரண்டு மி.மீ. பக்கம் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் ட்ரஸ் ராடை (நெக்குக்குள், அதாவது கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) நன்றாக இறுக்கி, "ஆக்‌ஷன் குறைஞ்சிருச்சு சார்" என்று திருப்பித் தந்தார்கள். உயரம் கொஞ்சம் குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் நெக் பின்பக்கமாக வளைந்து, முதல் மூன்று ஃப்ரெட்டிலும் கம்பி உரசி இரைந்தது. ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்பை ஈடுகட்டுவதுதான் ட்ரஸ் ராடின் வேலை. கம்பி உயரத்தைக் குறைக்க அதைத் திருகுவது தவறு. ராடே இல்லாத பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம்; மார்ட்டின் நிறுவனமே திருகிச் சரிசெய்யும் ராடை 1985-ல்தான் வைக்கத் தொடங்கியது. அந்த மாதிரி கிட்டாருக்கு மெல்லிய கம்பி போடுவதே பாதி வைத்தியம்.

அதற்குப் பிறகு நானே கற்றுக்கொண்டு செய்தேன். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, 14-ஆவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். பைக் மெக்கானிக் டேப்பட் வைக்கும் அதே கேஜ்தான். எங்கள் தெரு மெக்கானிக்கிடமே வாங்கி வந்தேன். ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு, மறுபடி அளந்து, மறுபடி கால் சுற்று. 0.25 மி.மீ. வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்னப் பட்டை. என் கை வலிக்குப் பெரும் காரணம் இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பி அதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், விரல் நுனியால் தட்டினால் 'டிக்' என்று சின்னதாக ஒரு ஒலி வர வேண்டும். என் கிட்டாரில் அந்த இடத்தில் விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைந்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் சின்ன அரத்தால், ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் இருக்கும் தலை) பக்கம் லேசாகச் சரியும்படி ராவினேன். இரண்டு இழுப்பு, கம்பியை ஏற்றிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. பி கம்பியில் (இரண்டாம் கம்பி) அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடிவிட்டது. விரல் வைக்காமல் மீட்டினாலே கம்பி இரைந்தது. எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டேன். ஏழு மாதம் தாங்கியது. பிறகு புது எலும்பு நட்டே போட்டாயிற்று.

அடுத்தது சேடில், அதாவது மறுமுனையில் பிரிட்ஜின் (மேல்பலகையில் ஒட்டிய கட்டை) மேல் கம்பிகள் அமரும் பட்டை. அதில் கணக்கு எளிது: அடியில் 2 மி.மீ. குறைத்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்கும். தேய்ப்பதற்கு முன் நேரான இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் வைத்து, அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்புக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கீழே போய் இடித்தால் நெக்கின் கோணமே சாய்ந்திருக்கிறது, அது விவரம் தெரிந்தவர் கையில் போக வேண்டிய வேலை. எனக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, பென்சில் கோடு வரை சேடிலின் அடியைத் தேய்த்தேன். ஆறாம் கம்பி 2.7, முதல் கம்பி 2 மி.மீ. என்று நின்றது.

நான்கு ஆண்டுகளில் நான் எதிர்பார்க்காமல் தெரிந்துகொண்டது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை சற்று உப்பும். கம்பி உயரம் 3 மி.மீ.க்கு ஏறிவிடும். அதற்காக இன்னொரு சேடிலை அரை மி.மீ. தாழ்வாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். தீபாவளி ஒட்டி அதை மாட்டுவேன், தை பிறந்ததும் பழையதை மாட்டுவேன். சேடிலை மழைக்கால அளவுக்கு ஒரேயடியாக இறக்கிவைத்தால் சித்திரையில் ஃப்ரெட் எல்லாம் இரையும்.

பித்தளை பிரிட்ஜ் பின் (கம்பியைப் பிரிட்ஜில் பிடித்து வைக்கும் ஆணி) வாங்கியது வீண். என் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஃப்ரெட்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவவே வேண்டாம், சிக்கு வாடை பிடிக்கும். நட், சேடில், அரம், கம்பி எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது.

கம்பியையும் 12 கேஜ் தடிமனிலிருந்து சற்று மெல்லிய 11-க்கு மாற்றினேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தப்பாவுக்கு விரல் மூட்டில் வலி. அவருக்காக அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி கூட்டிக் கொடுத்தேன். எஃப் பிடித்து ஒரு முறை மீட்டிவிட்டு, "எலே, இது நம்ம கிட்டார்தானா?" என்று திருப்பி உள்ளே லேபிளைத் தேடினார்.

இப்போது பாக்கி இருப்பது முதல் மூன்று ஃப்ரெட்டுகள். பி, மெல்லிய இ (முதல் கம்பி) கம்பிகளுக்கு அடியில் குழி விழுந்திருக்கிறது. மட்டப்படுத்தினால் இரண்டு, மூன்று வருடம் ஓடும் என்கிறார் தெரிந்த ஒரு கிட்டார் மெக்கானிக். புது ஃப்ரெட் போடலாமா என்றும் யோசிக்கிறேன்; அப்படிப் போட்டால் உயரம் மாறி நட்டையும் புதிதாக வெட்ட வேண்டிவரும். மழைக்காலம் முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.